ஜோடியிடம் மட்டுமே இருக்கும் வடிவம்

ஒரு நானோ நொடி என்பது ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் ஒளி ஏறத்தாழ முப்பது சென்டிமீட்டர் போகும். ஆய்வுக்கூடத்து மேசை இரண்டு மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், ஒரு முனையில் பிறந்து மறு முனையில் மறையும் ஃபோட்டானின் ஆயுள் ஏழு நானோ நொடிகூட இல்லை. இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட ஒரு ஜோடி ஃபோட்டான்களின் வாழ்க்கை வரலாறு. சேர்ந்து பிறந்து, பிரிந்து போய், தனித்தனியே மறைகிறவை அவை. போகும் வழியெல்லாம் அவை சுமக்கும் ஒன்று மட்டும் இரண்டில் எதனிடமும் தனியாக இல்லை. அது என்ன என்று கண்டுகொள்ள நூறாண்டுக்கு மேல் பலர் உழைத்திருக்கிறார்கள். அந்த உழைப்பில் ஒரு பங்கு சென்னையிலும் பெங்களூரிலும் அகமதாபாத்திலும் நடந்திருக்கிறது. நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

பயணம் ஊதா நிற லேசரில் தொடங்குகிறது. அலைநீளம் 405 நானோமீட்டர். புளூ-ரே வட்டுகளைப் படிக்கும் கருவியில் இருப்பதும் இதே நிறம்தான். திறன் ஒரே ஒரு மில்லிவாட் என்றாலும் நொடிக்கு இருபது கோடி கோடி ஃபோட்டான்கள் அதில் பாய்கின்றன. ஆய்வகத்தில் இதைப் ‘பம்ப்’ என்பார்கள். பிறக்கப்போகும் ஜோடிக்கு இதுவே தாய். குறுக்கே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் நடுவில் பளிச்சென்றும் ஓரம் போகப்போக மங்கியும் ஒரு புள்ளி விழும். ஒளியின் வடிவம் என்று சொல்வது இதைத்தான்: கற்றையின் குறுக்குவெட்டில் எந்த இடத்தில் எவ்வளவு ஒளி, எந்த இடத்தில் அலை முகட்டில் இருக்கிறது, எந்த இடத்தில் பள்ளத்தில் இருக்கிறது என்ற மொத்தக் கணக்கு.

இந்த வடிவத்தைக் கூர்ந்து பார்த்தவர்களின் வரிசையில் சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் இருக்கிறார். பெயர் சந்திரசேகர வெங்கட ராமன், வயது பதினெட்டு. நிறமாலைமானியில் முப்பட்டகத்தின் கோணத்தை அளக்கும்போது, பட்டகத்தின் முகத்தில் மிகச் சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளியில் விளிம்பு விளைவுப் பட்டைகள் இருபுறமும் ஒரே சீராக இல்லை என்று கவனித்தார். பரீட்சைக்குச் செய்யும் வழக்கமான சோதனை அது. ஆயிரம் மாணவர்கள் கோணத்தைக் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ராமன் அந்தப் பட்டைகளின் சீரின்மையை ஆராய்ந்து எழுதிய கட்டுரை, 1906 நவம்பரில் லண்டனிலிருந்து வரும் ‘பிலசாஃபிகல் மேகசின்’ இதழில் வெளியானது. அவரது முதல் கட்டுரை அதுதான். 1930-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த ராமன் விளைவு ஒளியின் நிறம் மாறுவதைப் பற்றியது. ஆனால் அவர் ஒளியைப் பார்க்கத் தொடங்கியது அதன் வடிவத்தைப் பார்த்துத்தான்.

ஒளிக்கு உந்தம் உண்டு, சுழற்சியும் உண்டு. ஃபோட்டான் ஒவ்வொன்றும் தன்னளவில் ஒரு தற்சுழற்சியைச் சுமக்கிறது என்பதற்குக் கல்கத்தாவில் ராமனும் பகவந்தமும் 1931-இல் சோதனைச் சான்று காட்டினார்கள். அந்தத் தற்சுழற்சி வெளியே தெரிவது தளவிளைவாக, அதாவது அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பதாக. அதற்கு இரண்டே மதிப்புகள்: இடம்சுழி, வலம்சுழி. இன்னொரு வகைச் சுழற்சி வடிவத்தில் ஒளிந்திருந்தது. அதை வெளியே கொண்டுவந்தவர்கள் நெதர்லாந்தின் லெய்டன் நகரத்தில் 1992-இல் ஆலன், பெயர்ஸ்பெர்கன், ஸ்ப்ரூ, வூர்ட்மன் ஆகிய நால்வர். அலைமுகடுகள் அடுக்கடுக்கான தட்டைப் பரப்புகளாக வராமல், கற்றையின் அச்சைச் சுற்றிச் சுருளாக முன்னேறும்படி ஒளியை அமைக்கலாம். அப்படி அமைத்தால் நட்டநடு அச்சில் முகடு எது, பள்ளம் எது என்று சொல்லவே முடியாது. எல்லாம் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு நடுவில் இருட்டு நிற்கும். தாளில் புள்ளிக்குப் பதிலாக வளையம் விழும். ஓர் அலைநீளத் தூரத்துக்குள் எத்தனை சுருள் என்பதே இந்த ஒளியின் திருகு எண். அது 1, 2, 3 என்று போய்க்கொண்டே இருக்கலாம், எதிர்ப்புறம் திருகினால் −1, −2, −3 என்றும் போகலாம். உச்ச வரம்பு என்று இயற்கை ஒன்றும் வைக்கவில்லை. வியன்னாவில் பத்தாயிரத்தைத் தாண்டிய திருகு எண் கொண்ட ஃபோட்டானைக்கூட இன்னொரு ஃபோட்டானோடு பிணைத்து 2016-இல் அறிவித்தார்கள்.

தளவிளைவுக்கு இரண்டே எழுத்து, வடிவத்துக்கு முடிவில்லாத நெடுங்கணக்கு. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை புரியும்.

ஊதாக் கற்றை ஒரு படிகத்துக்குள் நுழைகிறது. விரல் நகத்தளவுதான் இருக்கும், கண்ணாடித் துண்டு போலத் தெளிவானது. பேரியம் போரேட் அல்லது பொட்டாசியம் டைட்டானைல் பாஸ்பேட் போன்ற உப்புகளை உருக்கிப் பொறுமையாக வளர்த்து வெட்டியெடுத்தது. உள்ளே போன ஃபோட்டான்களில் ஏறத்தாழ எல்லாமே மறுபக்கம் அப்படியே வெளியேறிவிடுகின்றன. பல கோடியில் ஒன்று மட்டும் படிகத்துக்குள் மறைந்து, அந்த இடத்தில் இரண்டு ஃபோட்டான்கள் பிறக்கின்றன. சரிபாதியாகப் பிரிந்தால் ஒவ்வொன்றுக்கும் ஆற்றல் பாதி, அலைநீளம் இரட்டிப்பு: 810 நானோமீட்டர். அது அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. ஒன்றைச் ‘சிக்னல்’ என்றும் மற்றதை ‘ஐட்லர்’ என்றும் அழைக்கிறார்கள். இரண்டும் ஒரே கணத்தில் பிறக்கின்றன என்பதை 1970-இல் பர்ன்ஹாமும் வைன்பெர்கும் அளந்து காட்டினார்கள்.

பிறக்கும்போதே சில விதிகள் இந்த ஜோடியைக் கட்டிப்போடுகின்றன. இரண்டின் ஆற்றலையும் கூட்டினால் தாயின் ஆற்றல் வரவேண்டும். இரண்டின் உந்தத்தையும் கூட்டினால் தாயின் உந்தம் வரவேண்டும். இரண்டும் பிறந்த புள்ளி ஒன்றே. தாய்க் கற்றையில் திருகு இல்லையென்றால் பிள்ளைகளின் திருகு எண்களைக் கூட்டினால் பூஜ்யம்தான் வரும்: ஒன்றுக்கு 2 என்றால் மற்றதற்கு −2, ஒன்றுக்கு −5 என்றால் மற்றதற்கு 5. எந்த எண் என்பது விதியில் இல்லை. கூட்டுத்தொகை மட்டுமே விதியில் இருக்கிறது. அலாய்ஸ் மெய்ர், வசிரி, வைஸ், ஆன்டன் ஸைலிங்கர் ஆகியோர் வியன்னாவில் இதைச் சோதித்து 2001-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். ஜோடியை இப்படிக் கட்டிப்போடும் உறவுக்குக் குவாண்டம் பிணைப்பு என்று பெயர். வடிவத்தில் அந்தப் பிணைப்பை ஆராயும் துறை பரவலானது அதற்குப் பிறகுதான்.

தாயின் சாயல் பிள்ளைகளுக்கு எப்படி வந்து சேருகிறது என்பதுதான் இந்த வரலாற்றில் என்னை மிகவும் ஈர்த்த பகுதி. பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் மொன்கனும் அவரது கூட்டாளிகளும் 1998-இல் இதைத் துல்லியமாகக் காட்டினார்கள். தாய்க் கற்றையில் ஒரு வடிவத்தைப் பதித்துப் படிகத்துக்குள் அனுப்பினால், பிறந்த ஃபோட்டான்களில் ஏதாவது ஒன்றை மட்டும் திரட்டிப் பார்க்கும்போது அந்த வடிவம் தெரியாது. மங்கலான ஒரு திட்டு மட்டுமே தெரியும். மற்றதை மட்டும் பார்த்தாலும் அதே கதை. இரண்டையும் ஒருசேர எண்ணி, ஒரே கணத்தில் இரு பக்கமும் வந்தவற்றை மட்டும் குறித்துக்கொண்டே போனால், தாயின் வடிவம் சிறுகச் சிறுகத் துலங்கி வரும். அந்த வடிவத்துக்கு இருப்பிடம் ஜோடிதான். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1995-இல், அமெரிக்காவின் மேரிலாண்டில் ஷியின் குழு ஒரு ஃபோட்டானை எழுத்துகள் வெட்டிய தகட்டின் வழியே விட்டு, தகட்டின் பக்கமே போகாத மற்ற ஃபோட்டான்களைக் கொண்டு அந்த எழுத்துகளின் படத்தை எடுத்திருந்தது.

பெங்களூரில் ராமன் நிறுவிய ராமன் ஆய்வு நிறுவனத்தில் உர்பசி சின்ஹாவின் குழு 2018-இல் வெளியிட்ட வேலை இந்தச் சாயலை நேரடியாகப் பயன்படுத்தியது. ஒரு ஃபோட்டான் மூன்று பாதைகளில் எதில் போகிறது என்பதைத் தகவலாக்க வேண்டும் என்றால், அதன் வழியில் மூன்று பிளவு கொண்ட தகட்டை வைப்பதுதான் எல்லோரும் செய்துவந்தது. பிளவுக்கு வெளியே படும் ஃபோட்டான்களெல்லாம் வீண். ஏற்கெனவே அரிதாகப் பிறக்கும் ஜோடி இதனால் இன்னும் அரிதாகிவிடும். பெங்களூர்க் குழு தகட்டைத் தாயின் வழிக்கு மாற்றியது. லேசரில் ஃபோட்டான்களுக்குப் பஞ்சமில்லை, எவ்வளவு தகட்டில் பட்டு வீணானாலும் நட்டமில்லை. மூன்று கோடுகளாக விழுந்த ஊதா ஒளி படிகத்துக்குள் போனது. பிறந்த ஜோடிகள் வழியில் எந்தத் தகட்டையும் சந்திக்காமலேயே மூன்று கோட்டு வடிவில் பிணைந்து வெளியே வந்தன. கணக்கைக் கொஞ்சம் மாற்றிப் போட்டதில் கிடைத்த லாபம் இது. கடன் வாங்கியாவது பெரிய கருவி வாங்கினால்தான் இயற்பியல் நடக்கும் என்று நினைக்கும் நம் கல்லூரிகளில் இதைப் பாடமாகவே வைக்கலாம்.

ஒருவரிடம் 2 வந்தால் மற்றவரிடம் −2 வரும் என்பதில் என்ன அதிசயம் இருக்கிறது என்று கேட்பவர்கள் சரியான கேள்வியைத்தான் கேட்கிறார்கள். எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. தகுதி உடையவர்களின் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, உள்ளே இருப்பது அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் சொல்வார்கள். இப்போது இரண்டு ஊர்களில் இரண்டு குடங்கள் இருக்கின்றன என்றும், ஆண்டுதோறும் இரு ஊரிலும் ஒரே நேரத்தில் ஒரே பெயர் வருகிறது என்றும் வைத்துக்கொள்வோம். யாரோ முன்கூட்டியே இரு குடத்திலும் ஒரே ஓலையைப் போட்டுவைத்திருக்கிறார்கள் என்றுதான் ஊர் பேசும். இப்படிப் பிணைந்த துகள் ஜோடியைப் பற்றி ஐன்ஸ்டைனும் பொடோல்ஸ்கியும் ரோசனும் 1935-இல் எழுப்பிய சந்தேகம் ஏறத்தாழ இதுதான்: விடை பிறக்கும்போதே உள்ளே எழுதப்பட்டிருக்க வேண்டும், நம் கோட்பாட்டுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.

ஜான் பெல் 1964-இல் இந்தச் சந்தேகத்தைக் கணக்காக மாற்றினார். குடத்திடம் ஒரே ஒரு கேள்வி கேட்கும்வரை முன்னேற்பாடு என்ற விளக்கத்தை யாராலும் உடைக்க முடியாது. ஃபோட்டானிடமோ பல கேள்விகள் கேட்கலாம். உன் திருகு 2-ஆ, −2-ஆ என்பது ஒரு கேள்வி. இரண்டையும் சேர்த்தால் வளையம் உடைந்து நான்கு இதழ்களாகத் தெரியும், அந்த இதழ்கள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பது இன்னொரு கேள்வி. கோணத்தைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் மற்றுமொரு கேள்வி. எந்தக் கேள்வி வரும் என்று தெரியாமலேயே எல்லாவற்றுக்கும் விடை எழுதிவைத்திருந்தால், இரு பக்கத்து விடைகளின் ஒற்றுமையைக் குறிப்பிட்ட முறையில் கூட்டும்போது அந்தத் தொகை 2-ஐத் தாண்ட வழியே இல்லை. குவாண்டம் கோட்பாடு 2.83 வரை போகலாம் என்கிறது. அளந்தவர்கள் 2-ஐத் தாண்டிய எண்களையே மறுபடி மறுபடி கண்டார்கள். முதலில் தளவிளைவில் கண்டார்கள், 2022-இல் ஆஸ்பே, கிளவுசர், ஸைலிங்கர் மூவருக்கும் நோபல் பரிசு வந்தது அதற்காகத்தான். பின்பு வடிவத்திலும் கண்டார்கள். கிளாஸ்கோவில் மைல்ஸ் பேட்ஜெட்டும் எடின்பரோவில் அவரது கூட்டாளிகளும் 2011-இல் பதினொரு பரிமாணப் பிணைப்பையே உறுதிசெய்தார்கள். ஆக, ஓலையில் முன்கூட்டி எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. எடுக்கும்போதுதான் பெயர் உண்டாகிறது, உண்டாகும்போதே இரு ஊரிலும் பொருந்திப்போகிறது. இதைக் கொண்டு ஒரு ஊரிலிருந்து மற்ற ஊருக்கு ஒளியைவிட வேகமாகச் சேதி அனுப்பலாம் என்று சிலர் எழுதுவது தவறு. எந்த ஓலை வரவேண்டும் என்று சிறுவனுக்கு யாரும் கட்டளையிட முடியாது. கட்டளையிட முடியாதபோது சேதியும் போகாது.

சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. அங்கே லேசரும் கிடையாது, படிகமும் கிடையாது. காகிதமும் கரும்பலகையும்தான். ராஜையா சைமன் அங்கிருந்து செய்த மூன்று வேலைகள் இந்த ஜோடியின் பயணத்தில் மூன்று இடங்களில் வந்து நிற்கின்றன. 1993-இல் அவரும் பெங்களூர் முகுந்தாவும் முறுக்கேறிய காஸியன் கற்றை என்ற புதுவகை ஒளியைக் கணக்கில் கண்டுபிடித்தார்கள், அடுத்த ஆண்டே பின்லாந்தில் அதைச் சோதனையில் உண்டாக்கினார்கள்.

இரண்டாவது வேலை 2000-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. எனக்கு இதுதான் மூன்றிலும் அழகானது. இடம், உந்தம் போல விட்டுவிட்டு வராமல் தொடர்ச்சியாக மாறும் அளவுகளில் இரண்டு துகள்கள் பிணைந்திருக்கின்றனவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சைமன் சொன்ன வழி இது: ஜோடியில் ஒன்றை விட்டுவிடு. மற்றதன் உந்தத்துக்கு மட்டும் கூட்டல் இருந்தால் கழித்தல் போடு, கழித்தல் இருந்தால் கூட்டல் போடு. கண்ணாடியில் ஒருவரை மட்டும் நிறுத்திப் பார்ப்பது போன்ற செயல். பிணைப்பு இல்லாத ஜோடி என்றால் இந்தக் கண்ணாடிப் பிம்பமும் இயற்கையில் இருக்கக்கூடிய ஒரு ஜோடியாகவே இருக்கும். பிணைந்த ஜோடி என்றால் பிம்பம் ஹைசன்பர்க்கின் நிச்சயமின்மை விதியை மீறிவிடும். அப்படி ஒரு ஜோடி உலகத்தில் இருக்கவே முடியாது. இருக்க முடியாத பிம்பம், அசல் ஜோடி பிணைந்திருப்பதற்குச் சாட்சி. காஸியன் வகை நிலைகளுக்கு இந்தச் சோதனை இரு பக்கமும் செல்லும்: மீறினால் பிணைப்பு உண்டு, மீறாவிட்டால் இல்லை. இதே விடையை வேறு வழியில் எட்டிய துவான், கீட்கே, சிராக், ஸோலர் ஆகியோரின் கட்டுரையும் சைமன் கட்டுரையும் ‘பிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழில் அடுத்தடுத்து வந்தன. இன்று இடம்-உந்தப் பிணைப்பை அளக்கும் எந்த ஆய்வகமும் இந்த இரண்டு கட்டுரைகளில் ஒன்றையாவது தொடாமல் போக முடியாது.

மூன்றாவது 2010-இல் வந்தது. முகுந்தாவும் இத்தாலிய ஒளியியலாளர் கோரியும் இன்னும் சிலரும் சைமனோடு சேர்ந்து எழுதியது. ஒரே கற்றையில் தளவிளைவும் வடிவமும் ஒன்றையொன்று விடாமல் கலந்திருக்கும் ஒளி உண்டு. கற்றையின் ஓர் இடத்தில் அலை ஒரு திசையில் அதிரும், இன்னோர் இடத்தில் வேறு திசையில் அதிரும், இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து எழுத முடியாது. இது சாதாரண லேசர் ஒளி, தொலைவில் இருக்கும் இரண்டு துகள்களுக்கு நடுவே உள்ள மாயம் எதுவும் இதில் இல்லை. ஆனால் எழுதிப் பார்த்தால் கணக்கு பிணைப்பின் கணக்கேதான். இந்த வகை ஒளியையும் கணக்கில் சேர்த்துக்கொண்டால், தளவிளைவு ஒளியியலில் நெடுங்காலம் தீராமல் இருந்த ஒரு கேள்வி தீர்ந்துவிடும் என்று அவர்கள் காட்டினார்கள். எந்தக் கருவியை விவரிக்கும் அட்டவணை இயற்கையில் சாத்தியம், எது சாத்தியமில்லை என்பதே அந்தக் கேள்வி.

காகிதத்தில் முடிந்திருக்கலாம். முடியவில்லை. விக்ரம் சாராபாய் 1947-இல் தொடங்கிய அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தில் கௌதம் சமந்தாவின் குழு, இப்படித் தளவிளைவும் வடிவமும் கலந்த ஒளியையே தாய்க் கற்றையாக்கிப் படிகத்துக்குள் செலுத்தியது. தாயிடம் ஒரே கற்றைக்குள் கலந்திருந்த இரண்டு குணங்கள் பிள்ளைகளிடம் ஆளுக்கொன்றாகப் பங்கிடப்பட்டன: ஒரு ஃபோட்டானின் தளவிளைவு, மற்ற ஃபோட்டானின் வடிவத்தோடு பிணைந்தது. சாதாரண ஒளியில் இருந்த கலப்பு உண்மையான குவாண்டம் பிணைப்பாக மாறியது. ஜாபிரும் மற்றவர்களும் 2017-இல் இதை வெளியிட்டார்கள். தரமணிக் கரும்பலகையில் எழுதிய கணக்கின் கரு ஏழே ஆண்டில் நம் நாட்டிலேயே ஒரு மேசைமேல் ஒளியாக ஓடியிருக்கிறது. இதற்குத் தமிழ்நாட்டில் தலைப்புச் செய்தி வந்ததாக எனக்கு நினைவில்லை. வந்திருக்க வேண்டும்.

ஜோடி படிகத்தை விட்டுப் புறப்பட்டாயிற்று. இரண்டும் இரு திசையில் போகின்றன. ஒவ்வொன்றின் வழியிலும் கைபேசித் திரையின் உறவினர் ஒருவர் நிற்கிறார்: திரவப் படிகத் திரை. எட்டு மைக்ரோமீட்டர் அளவுள்ள கட்டங்கள் இருபது லட்சம் அதில் உண்டு. கணினி ஒவ்வொரு கட்டத்துக்கும் மின்னழுத்தம் கொடுத்து, அங்கே படும் ஒளியின் அலையை வேண்டிய அளவு தாமதப்படுத்தும். திரையில் வரைவது பெரும்பாலும் நடுவில் பிளந்த கோடுகள், முள்கரண்டி போல இருக்கும். அதில் பட்டுத் திரும்பும் ஃபோட்டானின் திருகு ஒன்று கூடும் அல்லது குறையும். கவட்டைகளின் எண்ணிக்கையை மாற்றி இரண்டோ ஐந்தோ கூட்டலாம்.

இதே வேலையை மின்சாரம் இல்லாமல் செய்யும் ஒரு தகடும் உண்டு. அதன் மூலம் பெங்களூரில் இருக்கிறது. ராமனின் தங்கை மகன் பஞ்சரத்னம் 1956-இல், இருபத்திரண்டு வயதில், ஒளியின் தளவிளைவை ஒரு சுற்றுச் சுற்றிப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தால் அலை சரியாகப் பழைய நிலைக்கு வராமல் சற்று நகர்ந்து நிற்கிறது என்று கண்டார். எவ்வளவு நகர்ச்சி என்பது சுற்றிய பாதை அடைத்த பரப்பைப் பொறுத்தது. இந்திய அறிவியல் அகாதெமியின் இதழில் அந்தக் கட்டுரை கிடந்தது. மைக்கேல் பெரி 1984-இல் இதே கருத்தைப் பொதுவாக நிறுவிய பிறகு, ராமசேஷனும் நித்யானந்தாவும் பஞ்சரத்னத்தின் பழைய வேலையை உலகத்துக்கு எடுத்துக் காட்டினார்கள். 2006-இல் நேபிள்ஸ் நகரத்து மருச்சியின் குழு, இடத்துக்கு இடம் வெவ்வேறு திசையில் திரவப் படிக மூலக்கூறுகளை நிறுத்தி ஒரு தகடு செய்தது. தகட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் பஞ்சரத்னத்தின் நகர்ச்சி வேறுவேறாக அமைய, எல்லாம் சேர்ந்து திருகாகிவிடும். இடம்சுழித் தளவிளைவு உள்ளே போனால் ஒரு திருகு வெளியே வரும், வலம்சுழி போனால் எதிர்த்திருகு வரும்.

திரைக்குப் பின்னால் ஒரு கண்ணாடி இழை காத்திருக்கிறது. அதன் உள்வழி சில மைக்ரோமீட்டர் அகலம்தான். திருகு இல்லாத, சாதாரணப் புள்ளி வடிவத்தில் வரும் ஃபோட்டானை மட்டுமே அது உள்ளே விடும். ஆகவே, வந்த ஃபோட்டானின் திருகு 2 தானா என்று தெரிய வேண்டுமானால் திரையில் −2 வரைய வேண்டும். சரியாக 2 என்றால் திருகு நீங்கி உள்ளே நுழையும். 3 என்றால் 1 மிச்சம் இருக்கும், வாசலிலேயே சிதறிவிடும்.

இந்த நல்ல குணமே வெளியூர்ப் பயணத்தில் இடைஞ்சல் ஆகிறது. மண்ணுக்கடியில் புதைத்திருக்கும் தொலைத்தொடர்புக் கண்ணாடி இழைகளும் ஒரே வடிவத்தை விடுகிறவைதான். தளவிளைவை அவற்றில் ஏற்றிவிடலாம். வளமான வடிவத்தை ஏற்ற முடியாது. மிஞ்சுவது ஆகாய வழி. கத்தரி வெயிலில் எங்கள் புள்ளலூர்ப் பக்கம் அறுவடை முடிந்த வயல்களின் மேலே நடுப்பகலில் தூரத்துப் பனைமரங்கள் நடுங்குவதைப் பார்க்கலாம். காற்று ஒரு டிகிரி சூடேறினால் அதன் ஒளிவிலகல் எண் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மாறும். அந்தச் சின்ன மாற்றம் ஒரு கிலோமீட்டருக்குச் சேர்ந்துகொண்டே போனால், அலையின் ஓரிடம் முந்தி, இன்னோரிடம் பிந்தி, திருகு குலைந்துவிடும். 2 என்று புறப்பட்டது 1, 2, 3 எல்லாம் கலந்த குழப்பமாக வந்து சேரும். தளவிளைவை இந்தக் காற்று ஏறத்தாழ தொடுவதே இல்லை. நெடுங்கணக்கு முழுவதையும் சுமக்கும் குணம் எது தெரியுமா? காற்று தொட்டால் குலையும் இந்த வடிவம்தான். வியன்னாவில் 2015-இல் நகரத்தின் மேலாக மூன்று கிலோமீட்டருக்குத் திருகுப் பிணைப்பை அனுப்பிப் பெற்றார்கள். சிறிய திருகு எண்கள் மட்டுமே, அதுவும் இரவில். காற்றின் நடுக்கத்தை அளந்து கணந்தோறும் வளைந்து ஈடுகட்டும் கண்ணாடிகளை வானியலிலிருந்து கடன் வாங்கி வந்து இப்போது சோதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படிக் கஷ்டப்பட்டு ஏன் அனுப்ப வேண்டும்? இந்தக் கேள்விக்குப் புள்ளலூர் மண்ணிலேயே ஒரு பதில் இருக்கிறது. பல்லவன் மகேந்திரவர்மன் இங்கே பகைவரை வென்றதைக் காசக்குடிச் செப்பேடு சொல்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கும் மேல் கழித்து 1780 செப்டம்பர் 10 அன்று இதே ஊர்ப்புறத்தில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கும்பெனிப் படையை நொறுக்கினார்கள். ஹெக்டர் மன்ரோ பெரும்படையோடு காஞ்சிபுரத்தில் இருந்தார். சில மணி நேர நடைதான். பெய்லியிடமிருந்து அவருக்கும் அவரிடமிருந்து பெய்லிக்கும் ஆள் மூலம் சேதிகள் போய்க்கொண்டே இருந்தன. ஹைதரின் ஒற்றர்கள் மன்ரோவின் முகாமுக்குள்ளேயே இருந்தார்கள். துணைப்படையோடு புறப்பட்ட ஃபிளெட்சர் வழிகாட்டிகளை நம்பாமல் பாதையையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. துணைப்படை வந்து சேர்ந்தும் பெய்லி தப்பவில்லை, சிறைப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்தார். சேதியை யாரோ நடுவில் படிக்கிறார்கள் என்பதைவிட, படிக்கிறார்களா இல்லையா என்று தெரியாமல் இருப்பதே பெரிய ஆபத்து. பிணைந்த ஃபோட்டான்கள் தீர்ப்பது இந்தத் தெரியாமையைத்தான்.

பயணத்தின் கடைசி மீட்டர். கண்ணாடி இழையின் மறுமுனையில் சிலிக்கான் உணர்வி. ஃபோட்டான் அதில் பட்டு மறைகிறது, ஒரு எலக்ட்ரான் விடுபட்டு அடுத்ததை உதைத்து, அது அடுத்ததை உதைத்து, அளக்கக்கூடிய மின்துடிப்பு எழுகிறது. எந்த நேரம், எந்தக் கேள்வி, எந்த விடை என்று கணினி குறித்துக்கொள்கிறது. ஜோடியின் இன்னொன்றுக்கும் மறு கோடியில் இதே முடிவு. லட்சக்கணக்கில் குறிப்புகள் சேர்ந்ததும் இரு தரப்பும் சாதாரணத் தொலைபேசி வழியாகவே நேரங்களையும் கேள்விகளையும் மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள், விடைகளைச் சொல்வதில்லை. ஒரு சில நானோ நொடிக்குள் பொருந்தாத நேரங்கள் கழிக்கப்படுகின்றன. கேள்வி பொருந்தாதவையும் கழிக்கப்படுகின்றன. மிஞ்சும் விடைகள் இரு பக்கமும் ஒன்றே. யாரும் அனுப்பாமல் இரு ஊரிலும் உண்டான அந்த விடைத்தொடர்தான் சங்கேதச் சாவி. எட்டு வடிவங்களைப் பயன்படுத்தினால் ஒரு ஜோடி மூன்று பிட் வரை தரும். தளவிளைவு ஒரு பிட்தான் தரும்.

நடுவில் ஒருவர் ஃபோட்டானைப் பிடித்துப் படித்துவிட்டு வேறொன்றை அனுப்பினால், பிணைப்பு அறுந்துபோயிருக்கும், விடைகளில் பிழை ஏறும். அகமதாபாத்தில் இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையமும் இயற்பியல் ஆய்வகமும் 2022 ஜனவரியில் இரு கட்டடங்களுக்கு இடையே 300 மீட்டருக்குத் தளவிளைவுப் பிணைப்பைக் கொண்டு இப்படிச் சாவி உண்டாக்கின. தில்லி ஐஐடியும் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமும் ஒரு கிலோமீட்டரைத் தாண்டியதை 2025 ஜூனில் அறிவித்தார்கள். நொடிக்கு 240 பிட், பிழை ஏழு சதவீதத்துக்குள். 2023 ஏப்ரலில் ரூ. 6,003.65 கோடி ஒதுக்கித் தொடங்கிய தேசியக் குவாண்டம் இயக்கத்தில் தகவல் தொடர்புக்கான மையம் சென்னை ஐஐடியில் அமைந்திருக்கிறது. தரமணிக்கும் அதற்கும் நடந்து போகிற தூரம்தான். வடிவத்தில் பிணைந்த ஜோடிகளுக்கு வழி கண்டுபிடிக்கும் வேலையை அங்கே யாராவது கையில் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஒவ்வொரு முறையும் சாவியில் ஒரு பகுதியை வெளிப்படையாக ஒப்பிட்டுப் பிழையை எண்ணுகிறார்கள். தளவிளைவுக்குப் பதினொரு சதவீதம் வரை பொறுக்கலாம், வடிவங்கள் கூடக்கூடப் பொறுக்கும் அளவும் கூடும். அதைத் தாண்டிவிட்டால் காரணம் ஒற்றனா காற்றா என்று ஆராய்வதில்லை. சாவி முழுவதையும் அழித்துவிட்டு, லேசரை மறுபடி இயக்கிப் புதிய ஜோடிகளை எடுக்கிறார்கள்.